வந்தவாசிக்காரரு குடுத்த கிளட்ச் பிளேட்டு

எங்க வூட்டுக்காரருக்கு என்னைவிட அந்தப் பழைய காரு மேலதான் ஆசை. நான் ஜுரத்துல படுத்தா தைலம் எங்கன்னு என்னையே கேப்பாரு. காரு லேசா இருமுனா அவருக்குத் தூக்கம் போயிடும்.

போன வருசம் அதோட கிளட்ச் பிளேட்டு தேஞ்சிப்போச்சி. "இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் வர்றதில்லீங்க, எடைக்குப் போட்டுடுங்க"ன்னு ஆரணி மெக்கானிக் சொல்லிட்டாரு. மனுசன் சோறு தண்ணி இல்லாம காரையே பாத்துகினு குந்திட்டாரு.

"நான் செத்தாகூட இப்படி குந்த மாட்டியேய்யா"ன்னு கிண்டல் பண்ணேன். அதுக்குத் திட்டக்கூட இல்ல. அப்பதான் எனக்கு பயம் வந்துச்சி.

வந்தவாசியில ஒரு பெரியவருகிட்ட அதே மாதிரி காரு இருக்குதுன்னு கேள்விப்பட்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். முன்னபின்ன தெரியாத மனுசன்.

"எனக்குக் கண்ணு மங்கிடுச்சிம்மா, இனிமே ஓட்ட முடியாது. என் வண்டியில இருந்தே கழட்டிக்கோங்க. ஓடுனதும் என்னை ஒரு ரவுண்டு கூட்டிகினு போங்க, போதும்"னாரு.

மாட்டுனதும் மொத சவாரி அவருக்குத்தான். அவரை முன்னாடி குந்தவெச்சிட்டு நான் பின்னாடி குந்திகினேன். எங்க வூட்டுக்காரரு கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம், பெரியவரோட எடது காலும் சும்மா தரையை மிதிச்சிகினே இருந்துச்சி. எட்டிப் பாத்தேன். கேலி பண்ண நல்ல எடம்தான், எனக்கு வாயே வரல.

இப்பல்லாம் ஞாயித்துக்கெழமை ஆனா, "வந்தவாசிக்காரரு காத்துகினு இருப்பாரு, ஜல்தி வண்டிய எடுய்யா"ன்னு வெரட்டுறது நான்தான்.