அப்போது நான் ஜெபத்தில் இருந்தேன்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் ஜெபத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றாலும் சரி, யார் வீட்டிலாவது பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் சரி, "அக்கா, ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கோங்க" என்று வந்து நிற்பார்கள். அக்காவுக்கு ஒரு வார்த்தையில் ஜெபிக்கத் தெரியாது. ஆரம்பித்தால் காய்ச்சல்காரர் கால் மாற்றி நிற்கும் வரைக்கும் போகும். சபையில் பெண்கள் கூடி ஜெபிக்கும் ஐக்கியத்தை நடத்துகிறவளும் அவள்தான். ஆண்டவருக்கு அரை மனசு ஆகாது, கொடுத்தால் முழு இருதயத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அவள் வாயிலிருந்து அடிக்கடி வரும் பேச்சு. அதை அவள் நம்பவும் செய்தாள்.

டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் மெஷினுக்குள் போகும் முன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. பதினாறு வருடமாகப் பார்த்துவந்தாள். பேனா, கத்தரிக்கோல், மிட்டாய்க் காகிதம் எல்லாம் கிடைக்கும். ஒரு தடவை காதல் கடிதமே கிடைத்தது. முதல் வரியோடு கண்ணை மூடிக்கொண்டு, மடித்து உரியவரிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் பார்த்து வைத்த கோட்டுகளை அள்ளி மெஷினில் போடுகிறவள் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வந்த பேர் அது. கோவில், சர்ச் என்று எந்தப் பக்கமும் போகாதவள். "எனக்கும் சேத்து அக்கா பேசிக்கிறாங்க, நான் எதுக்குப் போய் சாமிய தொந்தரவு பண்ணணும்?" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா உபவாசத்தில் இருந்தாள். பாதிக் கோட்டுகளைப் பார்த்து முடித்திருந்தபோது உள்ளுக்குள் ஏதோ பொங்கிவர, மீதியைத் தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டுப் போர்வை அலமாரிக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றாள். ஐந்து நிமிஷம் என்று நினைத்தாள். அரைமணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது தள்ளுவண்டி காலி. எப்போதும்போல வேலை முடிந்திருக்கும் என்று நினைத்து ரேடியோ எல்லாவற்றையும் மெஷினில் போட்டிருந்தாள். மெஷினை நிறுத்தச் சொல்ல அக்கா வாயெடுத்தாள். பிறகு, ஒன்றும் ஆகாது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருந்துவிட்டாள்.

மெஷினைத் திறந்தபோது நாற்பத்திரண்டு கோட்டுகளும் நீலமாக இருந்தன. அடியில் உடைந்துபோன பேனா ஒன்று கிடந்தது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். ரேடியோவைப் பார்த்து, "லோடு போட்டது யாரு? நீதானே? பாக்கெட் பாக்காம எப்படிப் போட்ட?" என்று கத்தினார்.

"அக்கா பாத்திருப்பாங்கன்னு போட்டேன் சார்."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். குரல் தானாகத் தணிந்தது. "நீங்க பாத்துட்டீங்கன்னு சொன்னீங்களாம்மா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே சார். அப்போ நான் ஜெபத்துல இருந்தேன்."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. வேலை நேரத்தில் பாதியில் விட்டுப் போனது யார் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கா ஜெபிக்கத் தன் ஓய்வு நேரத்தில் போயிருப்பாள், அவள் வருவதற்குள் இந்த அவசரக்காரி அள்ளிப் போட்டுவிட்டாள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மறுநாளே ரேடியோவை அழுக்குப் பக்கத்துக்கு மாற்றினார். ரத்தமும் மலமும் படிந்த துணியைப் பிரித்துப் போடும் வேலை, மாலை ஷிப்ட். ரேடியோவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டுக் கதவு பூட்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு சபையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தது. ஜெபத்தக்கா எழுந்தாள். "வேலை ஸ்தலத்துல ஒரு பெரிய இக்கட்டு வந்துச்சு. என் பேருக்கு ஒரு சேதமும் வராம கர்த்தர் காத்துக்கிட்டார்," என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். உட்கார்ந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காதெல்லாம் சூடாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஷிப்ட் மாறும் நேரத்தில், கைகழுவும் தொட்டி அருகே ரேடியோ அவளை நிறுத்தினாள். ஆள் இளைத்திருந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள்.

"அக்கா, எனக்காகக் கொஞ்சம் ஜெபிங்க," என்றாள் ரேடியோ. "என் தப்புதான்னு நெனைக்கிறேன். எனக்கு எதுவும் சரியா ஞாபகம் இருக்க மாட்டேங்குது. நீங்க நிறுத்தி வைன்னு சொல்லி, நான்தான் காதுல வாங்கலையோ என்னமோ. இப்பல்லாம் அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பிப் போய்ப் பாக்குறேன்."

பழக்கத்தில் அக்காவின் கை அவள் தலைமேல் போனது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே என்ற சொல்கூட வரவில்லை. ரேடியோ கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள். தன் கை அந்தத் தலையில் இருப்பதே அக்காவுக்குத் தாங்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு, "எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் கணவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷர். வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கர்த்தர்கிட்ட சொல்லிட்டியா?"

"தினமும் அழுதுகிட்டு சொல்றேங்க."

"அவருக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய் சொல்லு."

"என் சாட்சி என்னாகும்? ஜெபத்தக்காவே இப்படியான்னு கேக்க மாட்டாங்களா?"

அவர் பெடலை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த கண்ணிக்கு எண்ணெய் விட்டார். ஆனால் அந்தக் கேள்வியைத் தன் வாயாலேயே கேட்டபிறகு அவளுக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாளாகப் பொத்திப் பொத்திக் காத்தது ஆண்டவரின் பேரை அல்ல, தன் பேரை. முழு இருதயம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், அதில் ஒரு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது நடந்ததையெல்லாம் சொன்னாள். மேற்பார்வையாளர் மேசையைப் பார்த்தபடியே, "நீங்களேவாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரேடியோ துணிக்கூடையின் பிடியைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"வேல மாத்துனதுகூடப் போகட்டும்க்கா. என்னையே நான் நம்பாம ஆக்கிட்டீங்களே. எனக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு உங்ககிட்ட வந்து தலைய குனிஞ்சேன் பாருங்க, அத நெனச்சாதான் எனக்கு..." மேலே சொல்லாமல் துணிக்கூடையை இழுத்துக்கொண்டு போனாள்.

"மன்னிச்சிடும்மா," என்று அக்கா பின்னால் போனாள்.

"எனக்காக ஜெபிக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் ரேடியோ, திரும்பாமலேயே.

ரேடியோ பழைய இடத்துக்கும் காலை ஷிப்டுக்கும் திரும்பினாள். அழுக்குப் பக்கம் அக்காவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் சபையில் எழுந்து, போன தடவை சொன்ன சாட்சி பொய் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சபையின் பேருக்காக இதைத் தனியாக வந்து சொல்லியிருக்கலாமே என்று போதகர் பிறகு வருத்தப்பட்டார். ஐக்கியத்தை நடத்தும் பொறுப்பு வேறொருத்திக்குப் போயிற்று. அவள் பின்வரிசையில் உட்காரத் தொடங்கினாள்.

அழுக்குப் பக்கத்தில் அவள் ஏழு வருடம் வேலை செய்தாள். கேட்டால் மாற்றித் தந்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ரேடியோ அவளிடம் பேச ஆரம்பித்தாள். மகளுக்குப் பல்வலி என்றுதான் முதலில் சொன்னாள். பழைய நெருக்கம் வரவில்லை. ஜெபிக்கச் சொல்லி அவள் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை, அக்காவும் ஜெபிக்கிறேன் என்று சொன்னதில்லை.

ஆனால் ஜெபித்தாள். அவள் ஜெபம் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. துணியைப் பிரிக்கத் தொடங்கும் முன், கையுறையை மாட்டிக்கொண்டு, ரேடியோவின் பேரையும் அவள் மகளின் பேரையும் சொல்வாள். பிறகு, "ஆண்டவரே, நான் மறைச்சு வச்சத நீர் பாத்தீர்," என்பாள். அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் முகம் சுடும். அது ஆறட்டும் என்று அவள் காத்திருப்பதில்லை. குனிந்து முதல் மூட்டையை அவிழ்ப்பாள்.