சிதம்பரம் கோபுரத்தைக் கண்டு கையை விட்டேன்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். என் மனைவி சரசுவை அழைத்து வரத்தான். தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டியை நான் வாங்கிய சேதி தெரிந்ததும் கார்டு போட்டாள்: "ஒரு தடவைகூட விழாமல் இங்கே வந்து சேர்ந்தால் பின்னால் ஏறுகிறேன். விழுந்தால் ரயிலில்தான் வருவேன், வண்டியையும் விற்றுவிட வேண்டும்." ஓட்டல் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு அவளும் வேண்டும், வண்டியும் வேண்டும்.

தூரம் இருபத்தெட்டு மைல். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த இரண்டு காலன் பெட்ரோல் போய்வரத் தாராளம். காலை ஆறரைக்குக் கிளம்பினேன். வண்டி மூன்று மூட்டை நெல் கனம் இருக்கும். ஓடும்போது அது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதுநகர் ரயில்வே கேட் மூடியிருந்தது. சாலையோரம் நிறுத்தி இடது காலை ஊன்றினேன். அங்கே தரை அரையடி பள்ளம். கால் காற்றில் துழாவியது. வண்டி வெகு நிதானமாக, என்னையும் அழைத்துக்கொண்டு, ரயில் கரி கொட்டிக் கிடந்த மண்ணில் சாய்ந்தது.

பக்கத்தில் நின்ற மீன்காரம்மா, "நின்னுக்கிட்டே விழுந்த ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

கேட்காரர் ஓடி வந்தார். "மொதல்ல பெட்ரோல் கொழாய மூடுங்க சார், ஒழுவுது பாருங்க!"

மூடிவிட்டு இருவருமாகத் தூக்கினோம். இந்த வழியில் போகிறவர்கள் கவனிக்கவும்: நிறுத்துமுன் கால் வைக்கப்போகிற தரையைப் பாருங்கள். விழுந்துவிட்டால், வேட்டியைத் தட்டுவது அப்புறம், குழாயை மூடுவது முதலில். அடி ஒன்றுமில்லை, சரசுவுக்குத் தெரியப்போவதுமில்லை என்று சந்தோஷமாகப் புறப்பட்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் முப்பது மைல் வேகத்தில் ராஜா மாதிரி போனேன். புதுச்சத்திரத்தில் இட்லியும் காப்பியும் மூன்றணா. புவனகிரியில் மாட்டு வண்டிகள் ஜாஸ்தி, பொறுமை வேண்டும். வெள்ளாற்றைத் தாண்டி, எட்டரைக்கெல்லாம் சிதம்பரம்.

மாமனார் வீடு கீழவீதியில். வீதிக்குள் திரும்பி, வண்டியை நடை வேகத்துக்குத் தணித்தேன். வாசலில் சரசுவும் அவள் தம்பி வைத்தியும் நிற்கிறார்கள். ஜெயித்துவிட்டேன் என்று தலையைத் திருப்பினால், வலப்பக்கம் கிழக்குக் கோபுரம். கோபுரத்தைக் கண்டால் என் கைகள் என்னைக் கேட்பதில்லை. இரண்டும் கைப்பிடியை விட்டுக் கன்னத்துக்குப் போயின. ஒரு முறை போட்டுக்கொண்டேன். மறு முறைக்குள் தரையில் கிடந்தேன்.

"நின்னுட்டுக் கும்புடக் கூடாதா மாமா?" என்று சிரித்துக்கொண்டே வைத்தி தூக்கிவிட்டான். சரசு சிரிக்கவில்லை. என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"வலப்பக்கந்தானே விழுந்தீங்க? எடது முட்டியில கரி எப்புடி வந்துச்சு?"

எனக்குப் பொய் வரவில்லை. முதுநகர் கதையைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு. மூணு மணிக்கு ரயிலு" என்று உள்ளே போய்விட்டாள். மத்தியானம் எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு. ஆனால் சோறு இறங்கவில்லை. அவளில்லாமல் தனியாகத் திரும்பி, வண்டியையும் விற்பதை நினைத்தால் நிஜமாகவே துக்கமாக இருந்தது.

இரண்டரை மணிக்கு வண்டியருகே வந்து நின்றாள்.

"பெட்டிய வைத்தி ரயில்ல கொண்டாருவான். நான் ஏறறேன். சாமிக்காகக் கைய விட்டவர விட்டுட்டுப் போனா எனக்குத்தான் பாவம். ஆனா இனிமே கும்புடற வேல என்னுது. நீங்க கைய எடுத்தீங்க, அங்கயே எறங்கிடுவேன்."

பின்னால் ஆள் உட்கார்ந்தால் மெதுவாகப் போவது இன்னும் கஷ்டம். ஆகவே கூட்டத்தில் திரும்பும்போதும் நிறுத்தும்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வண்டியில் சரசுதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதுநகர் கேட்டில் "தரையப் பாத்தீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஐந்து மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர். கடைத்தெரு ஜனக்கூட்டத்தில் வண்டி மறுபடி நடை வேகத்துக்கு வந்தது. எதிரே பாடலீசுவரர் கோபுரம். என் கைகள் துடித்தன. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து சரசுவின் கை வந்து என் கன்னத்தில் இரண்டு முறை மெல்லத் தட்டியது.

"ஒங்களுக்கும் போட்டாச்சு. நேராப் பாத்துப் போங்க."