கொளுத்துவதற்கு முன் போட்ட சத்தம்

காஃபுவே ஆற்றுப் புல்வெளியில் நாற்பது வருடமாக மாடு மேய்த்தவர் ஹமூசோண்டே. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். மாட்டுக்கு அடுத்தபடி அவர் மனசு வைத்தது ஒரு ஜோடிப் பெருங்கொக்கின் மேல். ஆள் நெஞ்சு உயரம், தாடைக்குக் கீழே இரண்டு வெள்ளைத் தொங்கல். தண்ணீர் நடுவே புல்லைக் குவித்து மேடு கட்டும். இரண்டு முட்டை இட்டாலும், முதல் குஞ்சு பொரிந்ததும் மற்றதைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடும். ஒற்றைப் பிள்ளை, அதுவும் பறக்க நான்கு மாதம் ஆகும். போன இரண்டு வருடமும் அந்த ஒன்றுகூடத் தங்கவில்லை.

இந்த வருடம் வெள்ளம் பாதியிலேயே வடிந்து, பச்சைப் புல் இல்லாமல் போயிற்று. பதினேழு மாட்டில் ஆறுதான் மிச்சம். காய்ந்த புல்லைக் கொளுத்தினால்தான் அடியிலிருந்து தளிர் வரும். கொளுத்தி மேய்த்தது போக மிஞ்சியிருந்தது ஒரே துண்டு. அதற்குள்தான் அந்த ஜோடியின் மூன்று மாதக் குஞ்சு.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்தா பறந்துடும்" என்றார்.

மனைவி நமூங்கா பால் குடுவையைக் கவிழ்த்துக் காட்டினாள். "ஒரு மாசத்துல மாடும் பறந்துடும். அப்புறம் கொக்கைக் கறந்துக்குங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று காலை சிவலைப் பசு எழுந்திருக்கவே இல்லை.

தீ வைக்கும் முன் தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டே புல்லுக்குள் நடப்பது அங்கே வழக்கம். காலுள்ளதெல்லாம் ஓடிப் பிழைக்கட்டும் என்றுதான். அன்று அவர் ஒன்றுக்கு மூன்று தடவை நடந்தார், தொண்டை கட்டும்வரை கத்தினார். முயல் ஓடியது, மான் கூட்டம் ஓடியது. தாய்க்கொக்கும் தகப்பன்கொக்கும் எழும்பி வட்டமடித்தன. குஞ்சு மட்டும் கண்ணில் படவில்லை. முன்னாடியே ஓடியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நெருப்பு வைத்தார்.

சாம்பல் ஆறியதும் போனார். கழுத்தை நீட்டி, தரையோடு தரையாகக் கரிந்து கிடந்தது குஞ்சு. பயந்தால் அது ஓடாது, அசையாமல் படுத்துக்கொள்ளும். போன மாதம் பருந்து வந்தபோது அப்படிப் படுத்ததை அவரே பார்த்துச் சிரித்திருக்கிறார். மாட்டுக் கவலையில் அது நினைவுக்கு வரவில்லை. இப்போது வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எட்டாம் நாள் தளிர் விட்டது. ஐந்து மாடு பிழைத்தது. நமூங்கா குடுவையை நீட்டினாள்.

"ரெண்டு வாய் குடிங்க. செய்ய வேண்டியதத்தான செஞ்சீங்க."

"ஒரு தடவை கத்துனதும் படுத்திருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா எந்திரிச்சுப் போயிருக்கும். நான் மூணு தடவை கத்துனேன், நமூங்கா. அது எந்திரிக்கவே நான் விடல."

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். எதிரே, கரிந்த நிலத்தில் இரண்டு கொக்கும் இன்னும் குனிந்து தேடிக்கொண்டிருந்தன.