தொடலாமா என்று கேட்டவன்

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிற அண்ணியை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொல்லப்போகிறேன். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பல வருஷமாக வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடிக்கா’. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கண்ணைச் சோதித்துப் பவர் எழுதித் தருவது உள்ளறையில் இருப்பவரின் வேலை. அதற்கப்புறம் எல்லாம் இவள்தான். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் எடுபடும் என்று பார்ப்பாள். கருமணி எங்கே வருகிறது என்று பார்த்து லென்ஸில் பேனாவால் புள்ளி வைப்பாள். காதில் அழுத்துகிறது, மூக்கில் வழுக்குகிறது என்று யாராவது வந்து நின்றால், காம்பைச் சூடுகாட்டி விரலாலேயே நெளித்து மாட்டிவிடுவாள். மாட்டிய பிறகு, “தலையை ஆட்டுங்க பாக்கலாம்” என்பாள். பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுவார்கள்.

படிக்கிற கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்குக் கடைகளில் ஓர் அட்டை கொடுப்பார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போக எறும்பு ஊர்ந்த மாதிரி. என் நாத்தனார் அதைக் கொடுக்க மாட்டாள். “வீட்டுக்குப் போய் யாரும் அட்டையைப் படிக்கப் போறதில்லையே” என்று சொல்லிவிட்டு, தான் படித்துக்கொண்டிருக்கிற நாவலைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழேயிருந்து எடுத்து நீட்டுவாள். “எழுத்து தெரியுதா சார்?” என்று கேட்டால், “இரும்மா, இவன் குதிரையில ஏறிட்டானான்னு பாத்துக்கறேன்” என்று சிலர் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

அவள் படிப்பதெல்லாம் காதல் கதை. அதிலும் கோட்டை, கொத்தளம், ராஜகுமாரி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாருக்கோ காத்திருந்து ஏமாந்தவள் என்று சொந்தத்தில் கதை கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வந்த வரன் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கல்யாணம் ஆகாத ஒருத்தி, தலை நரைத்த பிறகும் காதல் கதை படித்தால் ஊருக்குச் சிரிப்பாக இருக்கிறது. நானும் சிரித்தவள்தான். “மாடியில ராஜகுமாரன் வந்திருக்கானா?” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பேன். “வந்திருக்கான் அண்ணி, டீ குடுங்க, அவனுக்கும் சேர்த்து” என்பாள்.

போன வருஷம் அவள் கையில் ஒரு நாவல் கிடைத்தது. செங்கல் கனம். எழுதியவர் பெயர் பெற்ற ஓர் அம்மா. வெளிவந்து ரொம்பக் காலமாகியும் திரும்பத் திரும்ப அச்சடிக்கிறார்களாம். கப்பல் கட்டுகிறவரின் மகளுக்கும், அந்தத் துறைமுகத்தைப் பிடிக்க வந்த இளவரசனுக்கும் காதல். அவன் யாரென்று தெரியாமல் அவள் பழகுகிறாள், தெரிந்த பிறகு வெறுக்கிறாள். சாப்பிடும்போது எனக்குத் தினமும் கதை நடக்கும். நானும் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கதை வரவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. கடையில் ஏதாவது பிரச்சினையோ என்று மேலே போய்க் கேட்டேன்.

“அவன் ஏமாத்திட்டான் அண்ணி” என்றாள்.

நான் போய்க் கதவைச் சாத்தினேன். “எவன்டீ?”

“இளவரசன்.”

அடிக்கலாமா என்று வந்தது. ஆனால் அவள் முகம் விளையாட்டாக இல்லை. புத்தகத்தை என் மடியில் வைத்து, “இந்த ஒரு அத்தியாயம் மட்டும் படிங்க” என்றாள். கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதையும் முழுசாகப் படித்தவள் இல்லை நான். அன்றைக்கு எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன்.

கோட்டை விழுந்துவிட்டது. அவளைச் சிறைபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி இளவரசன் அந்த அறைக்கு வருகிறான். கதவைத் தாழிடுகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அழுகிறாள். தள்ளுகிறாள். அவன் கேட்கவில்லை. அதைச் சுற்றி நிலா, சந்தனம், தென்றல் என்று பக்கம் பக்கமாக வர்ணனை. விடிகிறது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு அவன் வாளைத் துடைத்துக் கொடுக்கிறாள். காதல் வந்துவிட்டதாம்.

“வாளை அவன் கையில ஏன் குடுத்தா?” என்று கேட்டேன்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். பிறகு முன்பக்கங்களில் வேறொரு இடத்தைப் பிரித்துக் காட்டினாள். ஆற்றங்கரையில் அந்தக் கதைப் பெண்ணின் காலில் முள் குத்திவிடுகிறது. அவன் குனிகிறான். முள்ளை எடுப்பதற்கு முன்னால் நிமிர்ந்து, ‘தொடலாமா?’ என்று கேட்கிறான். அவள் தலையசைத்த பிறகுதான் காலைத் தொடுகிறான்.

“இந்த வரிக்காகத்தான் நான் இவனை நம்பினேன்” என்றாள். “எத்தனை கதை படிச்சிருக்கேன், இப்படிக் கேட்டவன் ஒருத்தன்கூட இல்ல.”

நானாக இருந்தால் புத்தகத்தைப் பரணில் போட்டிருப்பேன். அவள் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். படிக்கிற கண்ணாடி கேட்டு வந்தவர்களிடம் அந்த அத்தியாயத்தையே பிரித்துக் கொடுத்தாள். முதலில், “எழுத்து தெரியுதா?” அப்புறம், “படிச்சா என்ன தோணுது?”

ஆளுக்கொன்று சொன்னார்கள். லாரி ஓட்டுகிறவர், “அந்தக் காலத்துல ராஜாங்க அப்படித்தாம்மா இருந்திருப்பாங்க” என்றார். “அப்போ ஆத்தங்கரையில மட்டும் ஏன் வேற மாதிரி இருந்தான்?” என்று இவள் கேட்க, அவர் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, ஒட்டலையே” என்று தாடையைத் தடவிக்கொண்டார். பெண் போலீஸ் ஒருத்தி ஒரே மூச்சில் படித்துவிட்டு, “இதையே ஸ்டேஷன்ல வந்து சொன்னா நாங்க இதுக்குக் காதல்னு பேர் போட மாட்டோம்” என்று சொல்லிப் பணம் கட்டப் போய்விட்டாள்.

வங்கியில் கேஷியராக இருக்கிற அம்மாதான் எதிர்த்துப் பேசியவர். அவருக்கு அந்த நாவல் மனப்பாடம். “எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வீட்டுல, வேலையில, எல்லாத்துக்கும் நானே முடிவெடுத்து முடிவெடுத்து அலுத்துப் போச்சு கண்ணாடிக்கா. கதையிலயாவது என்னைக் கேக்காம ஒருத்தன் தூக்கிட்டுப் போகட்டுமே!”

“அது உங்க கனவு மேடம்” என்றாள் இவள். “கனவுல யார் வரணும், எப்போ போகணும் எல்லாம் உங்க இஷ்டம்தானே? இந்தப் பொண்ணு கனவு காணல. முழிச்சிட்டிருக்கா.”

கேஷியரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஃபிரேமைச் சரிபண்ண வேண்டும் என்று சாக்குச் சொல்லி அடுத்தடுத்து வர ஆரம்பித்தார். ஃபிரேமில் ஒன்றுமே இருக்காது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. கண்ட புத்தகத்தைக் கொடுக்கிறாள் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி புத்தகத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். வேலைக்கே ஆபத்து என்று நாங்கள் பயந்துபோனோம். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். “எழுத்து பொடிசா இருக்கு. டெஸ்ட் பண்ண நல்லதுதான். வெச்சுக்கோ” என்றவர், போகிற போக்கில், “அந்தப் பய அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது” என்று முணுமுணுத்தாராம்.

அந்தக் கேஷியரம்மா நூலகத்தில் நடக்கிற வாசகர் வட்டத்துக்குச் செயலாளர். அந்த நாவலின் புதிய பதிப்புக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், எழுதிய அம்மாவே வருகிறார் என்று இவளைக் கூப்பிட்டார். “என்கிட்ட சண்டை போட்டதை அங்க வந்து சொல்லுங்க” என்றார். இவளுக்குத் தனியாகப் போகப் பயம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நூலகத்தின் மேல்தளம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தத்துக்குக் குறைவில்லாத மின்விசிறி, கையில் பிடித்தால் கீச்சென்று கத்துகிற மைக். எழுத்தாளர் அம்மா எழுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். ஒருவர் எழுந்து, அந்தச் சிறை அத்தியாயம்தான் நாவலின் உச்சம் என்று புகழ்ந்தார். இன்னொருவர், படிக்கிற பிள்ளைகள் கெட்டுப்போகும், இந்த மாதிரிக் காட்சிகளை எல்லாம் நீக்கிவிட வேண்டும் என்றார். பாதிப் பேர் அதற்குக் கைதட்டினார்கள், பாதிப் பேர் இதற்கு.

கேஷியரம்மா இவளைப் பார்த்துத் தலையசைத்தார். என் கையை நசுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்தாள்.

“நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். எனக்குக் காதல் காட்சி வேணும்” என்று ஆரம்பித்தாள். ஒரே சிரிப்பு. அவள் நிறுத்தவில்லை. “நிஜமாத்தான் சொல்றேன். இன்னும் நாலு காட்சி சேர்த்தாலும் படிப்பேன். ஆனா சிறைக்குள்ள நடக்கறது காதல் காட்சி இல்ல. முள் எடுக்கறதுக்கே ‘தொடலாமா’ன்னு கேட்டவன் அங்க கேக்கவே இல்ல. அது யாரோ வேற ஆளு. நடுவுல ஆளை மாத்திட்டீங்களேம்மா, அது ஏன்னு…”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?”

மறுபடி சிரிப்பு. அவள் மைக்கை இறக்கினாள். மைக் வேறு அந்த நேரம் பார்த்துக் கீச்சிட்டது. சொல்ல வந்தது எல்லாம் அவளுக்கு மறந்துபோனது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் மீட்டர் பார்க்க வருகிறவரிடம் பேசவே தயங்குகிறவள் நான். “எனக்கு ஆயிடுச்சு” என்றேன். மைக் இல்லாமலே கணீரென்று கேட்டது. “புள்ளைங்க வளர்ந்து நிக்கறாங்க. இவ சொன்னதைத்தான் நானும் சொல்றேன். இப்போ கணக்கு சரியா?”

சிரிப்பு நின்றது. ஒரு மூலையில் யாரோ கைதட்டினார்கள். கேஷியரம்மாதான்! அந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னவர், எனக்காகக் கைதட்டினார்.

எழுத்தாளர் அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

“முள் எடுக்கற இடத்தை நான் மறந்தே போயிட்டேன்” என்றார். “ஏன் மாத்தினேன்னு கேக்கறீங்க. அப்போ நான் சின்னப் பொண்ணு. அவளுக்கும் அவன்மேல ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா ‘சரி’ன்னு அவ வாயால சொல்ல வைக்க எனக்குக் கூச்சமா இருந்தது. சொல்லிட்டா அவ நல்ல பொண்ணு இல்லைன்னு படிக்கறவங்க நினைப்பாங்களோன்னு பயம். அதனால அவளை அழ வெச்சேன். பழியைத் தூக்கி அவன்மேல போட்டேன். இத்தனை வருஷமா எல்லாரும் அதை அழகுன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்.”

“மாத்தி எழுதுவீங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“மாட்டேன்” என்றார் உடனே. “அது அன்னிக்கு இருந்த நான். அதைத் திருத்தினா பொய்யாயிடும். இவங்க சொன்னதையும் சேர்த்துப் படிங்க. அது போதும்.” பிறகு என் நாத்தனாரைப் பார்த்து, “அவனை நம்பினதுக்கு ரொம்ப நன்றிம்மா” என்றார்.

திரும்பி நடந்து வரும்போது அவள் அழுதாளா, சிரித்தாளா என்று சொல்ல முடியாது. இரண்டும் கலந்து இருந்தது. “அவங்க ஏன் அப்படி எழுதினாங்கன்னு இப்போ புரியுது அண்ணி. ஆனாலும் அவனை மன்னிக்க முடியல” என்றாள். அப்புறம் நடுத்தெருவில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். “விடுடீ, எல்லாரும் பாக்கறாங்க” என்றேன். உள்ளுக்குள் எனக்கும் மண்டைக்கனம் ஏறித்தான் இருந்தது.

வீட்டில் நடந்ததைச் சொன்னோம். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். மறுநாள் முடிவெட்டும் கடையில், “என் தங்கச்சி நேத்து கூட்டத்துல பேசினா, தெரியுமா?” என்று அவராகவே ஆரம்பித்து, அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் சொன்னாராம். நான் பேசியதைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டேன். “அதைத்தான் முதல்ல சொன்னேன்” என்றார்.

இப்போது வாசகர் வட்டத்தில் மாதா மாதம் அவளுக்கு ஒரு புத்தகம் ஒதுக்குகிறார்கள். முன்தினம் மாடியில் நடந்துகொண்டே பேசிப் பார்ப்பாள், கீழே கூரை அதிரும். கேஷியரம்மாவோடு இன்றைக்கும் எதிலும் ஒத்துப்போவதில்லை. இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்க்கவே கூட்டத்துக்கு ஆள் வருகிறது. ஒருதரம் யாரோ, “இவ்வளவு படிக்கறீங்களே, நீங்களே எழுதலாமே?” என்று கேட்டார்கள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஏன், படிக்கறது ஒரு வேலை இல்லையா? எழுதறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. ஒழுங்கா படிக்க ஆள் வேணாமா?”

எனக்கு அந்தப் பதிலில் ஏகப்பட்ட பெருமை. நாத்தனார் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், கண்ணாடிக் கடையில் வேலை என்று இப்போதெல்லாம் நான் முதலில் சொல்வதில்லை. பெரிய வாசகி என்று சொல்கிறேன்.

நானும் மாட்டிக்கொண்டேன். வேறொரு சரித்திர நாவலை என் தலையில் கட்டியிருக்கிறாள். இதில் ஒரு மந்திரி வருகிறான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருக்கிறது. “அவனை நம்பாதீங்க அண்ணி, நான் முழுசா படிச்சவ சொல்றேன்” என்று தினமும் படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு வருகிறாள். நான் கேட்பதாக இல்லை.