படிக்கல்லில் இருந்த சிப்பி

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம் வரும். நோய் தீர்ந்தவர்களும் வேலை கிடைத்தவர்களும் எழுந்து நாலு வார்த்தை சொல்வார்கள். பதினெட்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை. யாராவது திரும்பிப் பார்த்தாலே பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கல் துண்டோடு எழுந்து நின்றேன். மகளுக்காகத்தான்.

அவள் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள். அந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு சபைக்கு வருவது குறைந்துவிட்டது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நோவா காலத்து ஜலப்பிரளயம் பூமி முழுவதையும் மூடியது என்று நம்புகிறவன். அவள் கோடி வருஷக் கணக்கு சொல்வாள். நான் பதில் தேடித் திணறினால், "சாரமில்லப்பா" என்பாள். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர் மலையாளம். சண்டை போட்டால்கூடத் தேவலை. அந்தச் 'சாரமில்ல'தான் எனக்குப் பயம்.

தரைக்குக் கல் பதித்து பாலிஷ் போடுவது என் வேலை. பக்கத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு அடுக்குமாடிக்கு ராஜஸ்தானிலிருந்து மஞ்சள் கல் வந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க உள்ளே கல்லாகிப்போன சிப்பிகள் தெரிந்தன. கூட வேலை பார்க்கிறவன், "அண்ணாச்சி, குழம்பு வச்சிருவோமா? அரைக்க மெஷினும் கையில இருக்கு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைகளை மூடிய தண்ணீர் கொண்டுவந்து போட்டது என் முட்டிக்குக் கீழே கிடக்கிறதே என்றிருந்தது.

வேலை முடிகிற சமயத்தில் கைப்பிடிக் கம்பி நிறுத்த ஒரு படியின் மூலையை வெட்டினோம். விழுந்த துண்டில் ஒரு சிப்பி, கோடு பிசகாமல் பளபளத்தது. துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இந்த ஒரு வாரம் மட்டும் வா" என்று மகளைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். எழுந்து நின்று, "பிரளயத்தில் புதைந்தது. தேவன் இன்றுவரை உடையாமல் வைத்திருக்கிறார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. கல் கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு வயதான அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் அதைக் கேட்டு வாங்கினாள். தலையிலிருந்த பின்னை எடுத்துச் சிப்பியைச் சுரண்டினாள். மஞ்சள் பொடி உதிர்ந்தது.

"அப்பா, இது உங்க வேலைதானே?"

வெளிச்சத்தில் பார்த்தேன். உதிர்ந்த பொடியில் லேசான சிவப்பு. என் வேலைதான். இந்தக் கல்லில் சில சிப்பிகள் பெயர்ந்து அதே வடிவில் குழியாகிவிடும். வெள்ளை சிமெண்டில் மஞ்சள் பொடியும், நான் மட்டும் சேர்க்கிற ஒரு சிட்டிகை சிவப்பும் குழைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்ப்போம். நிரப்பிய இடம் யாருக்கும் தெரியக்கூடாது, அதுதான் தொழில். எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

"சபையில சொல்லணும்" என்றேன்.

"எதுக்கு? ஆரு கேக்கப் போறா? சாரமில்லப்பா."

அந்த வாரம் முழுக்கக் குனிந்து தேய்க்கும்போதெல்லாம் அதே நினைப்பு. விட்டுவிட்டால் சபைக்கு ஒன்றும் குறையாது. ஆனால் இவளிடம் இனி எந்த வேதவசனத்தை எந்த முகத்தோடு சொல்வேன்? சிமெண்டைக் காட்டி நம்பவைத்தவன் ஆகிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு நான் கூப்பிடவில்லை. அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்தேன்.

"போன வாரம் காட்டின கல்லுல குழி தேவன் வச்சது. உள்ள இருந்தது என் சிமெண்டு. எனக்கே தெரியல. மன்னிச்சிருங்க."

பழக்கதோஷத்தில் பாஸ்டர் "அல்லேலூயா" என்றார். பாதிப் பேர் திருப்பிச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் முழுக்கக் கல் சுமந்த மாதிரி அலுப்பு.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "பெயராத சிப்பி ஒண்ணு அங்க இருக்கா?"

"மாடிப்படி திரும்புற இடத்துல ஒண்ணு இருக்கு. அதை நான் தொடல."

"எனக்குப் பாக்கணும்."

"காட்டுறேன். ஆனா பிரளயத்துல வந்ததுன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. நானும் என் கணக்கைச் சொல்லுவேன்."

பஸ் வந்தது. ஒரே ஒரு இடம்தான் காலி. "முட்டி வலிக்கும்ல, இருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.