எத்தனை பிளாக்?

போன வருஷம் கார்த்திகை மாதம். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. கட்டிலில் என் மனைவி. அன்று மாலைக்குள் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கும் முன்பே அவர்களில் ஒன்பது பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பிளாக்?"

இரண்டு வருஷமாக அவளுக்கு மூச்சு முட்டல். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போவதற்குள் நான்கு இடத்தில் நின்றுவிடுவாள். ஒரு டாக்டர் ரத்தக்குறைவு என்றார். ஒருவர் வயதாகிவிட்டது என்றார். அறுபத்திரண்டெல்லாம் ஒரு வயதா? இன்னொருவர் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, அடைப்பே இல்லை, எல்லாம் மனப்பயம் என்று தூக்க மாத்திரை எழுதினார். அவ்வளவுதான், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று சொந்தக்காரர்களே முடிவு கட்டிவிட்டார்கள். விசேஷ வீட்டில் அவள் உட்கார்ந்தால் போதும், ஜாடைப் பேச்சு ஆரம்பிக்கும்.

கடைசியில் பாளையங்கோட்டை டாக்டரம்மாதான் எக்கோவைப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்றார். அதை உறுதிப்படுத்த, இதயத்தின் வலப்பக்கம் வழியாக மெல்லிய குழாய் விட்டு அளந்தாக வேண்டுமாம். கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அவள் விழித்திருக்கும்போதே அளந்தார்கள். அந்த அழுத்தத்தின் சராசரி இருபதைத் தாண்டக் கூடாது. அவளுக்கு நாற்பத்தாறு.

அன்று மாலை பன்னிரண்டாவது ஆளாக அவள் தம்பி வந்தார்.

"எத்தனை பிளாக் அத்தான்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னத்துக்கு இங்கன படுக்கப் போட்டிருக்கிய? டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை பாபநாசத்துல பேரனுக்கு மொட்டை. அக்கா வந்துதான் பொங்கல் வைக்கணும்."

எனக்கு உச்சிமண்டை கொதித்தது. "நாப்பத்தாறு வே!" என்று கத்தினேன்.

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "நாப்பத்தாறு பிளாக்கா!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ரத்தக்குழாயின் அழுத்தம் என்று விளக்கினேன். மைத்துனருக்கு உயிர் வந்தது. "பிரஷர்தானா? எனக்குந்தான் இருக்கு. உப்பக் குறைக்கச் சொல்லுங்க."

கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது வேறு. அந்தப் பட்டையில் அவளுக்கு எல்லாம் சரியாக இருந்ததால்தான் இரண்டு வருஷம் வீணாய்ப் போயிற்று என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து, என்னை வெளியே போகச் சொன்னார்.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டி, "தம்பி, உள்ள போயி அளந்து பாத்துட்டாவ. நான் நடிக்கலல்லா?" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரிய வியாதி என்று தெரிந்த அன்று ஒருத்தி அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. மைத்துனர் மொட்டைப் பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

மாத்திரைகள் தொடர்கின்றன. முழுக்கக் குணமாகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. ஆனாலும், மூச்சு முட்டுகிறது என்று அவள் தன் வாயால் சொன்னது யாருக்கும் போதாமல், அதற்கு இதயத்துக்குள் குழாய் விட்டுச் சாட்சி வாங்க வேண்டியிருந்ததே என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.