கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ

லிஃப்ட்காரர் என்றால் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தொரு வயது, அதில் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடி லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு சாவகாசமாக டீ குடிக்கிற ஆள். ஆனால் அவரைப் போலப் பயந்தாங்கொள்ளி இன்னொருவர் கிடையாது என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். குழிக்குள் பயம் வராததற்குக் காரணம் தைரியம் அல்ல, சாவி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் எவனோ சுவிட்சைப் போட்டுவிட, கூட வேலை பார்த்தவருக்கு மூன்று விரல் போயிற்று. அன்றிலிருந்து மெயின் சுவிட்சைத் தானே அணைத்து, தானே பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் எந்த லிஃப்டிலும் அவர் கை வைத்ததில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் கடல் தாண்டி ஊழியத்துக்கு அனுப்பலாம் என்று சபைக் கமிட்டி பிடித்தது. அங்கே பிழைக்கப் போன நம்மவர்கள் பதினோரு பேர், ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். அப்படிக் கூடுவதற்கு அந்த நாட்டில் அனுமதி கிடையாது. முன்பு இருந்த பாஸ்டரை ஒரே நாளில் பிடித்து விமானம் ஏற்றிவிட்டார்கள். கைத்தொழில் தெரிந்த ஒருவர் வேலை விசாவில் போனால் சந்தேகம் வராது என்பது கமிட்டியின் யோசனை. "கர்த்தர் உங்களத்தான் அழைக்கிறார்" என்று காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்கள். சொல்பவர்களுக்கென்ன? அழைக்கப்பட்டவர் மூன்று நாள் சபைப் பக்கமே தலைகாட்டவில்லை.

"ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று மென்று விழுங்கினார். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராதவர்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான்.

பத்து நாள் விசாவில் மனைவியோடு போய் இறங்கினார். விடுமுறை நாள் மதியம், வேன் டிரைவர் ஒருவர் வந்து இருவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸின் வீடு. லிஃப்ட் குலுங்கிக்கொண்டு ஏறி, தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. பார்த்த கண் சும்மா இருக்குமா?

"நீங்க உள்ள போங்க. ரெண்டு நிமிஷத்துல வர்றேன்."

"ஊழியத்தப் பாக்க வந்தீங்களா, லிஃப்டப் பாக்க வந்தீங்களா?" என்றாள் மனைவி. அவளும் டிரைவரும் உள்ளே போனார்கள். இவர் மூன்று முறை கீழே போய் மேலே வந்து பார்த்தார். பிரேக் தேய்ந்திருக்கிறது. சந்தேகமில்லை. பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் செய்கிறபடியே ஷூவைக் கதவுக்கு வெளியே கழற்றி விட்டுவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்க் கடைசியில் உட்கார்ந்தார்.

திரைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில், உதடு மட்டும் அசைய, பதினோரு பேரும் பாடினார்கள். நடுவில் மேஜைமேல் ஒரு கேக், பக்கத்தில் கத்தி. யாராவது வந்து கேட்டால் பிறந்தநாள் என்று சொல்ல. அந்த வீட்டில் வாரா வாரம் யாருக்காவது பிறந்தநாள்!

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் பக்கத்திலிருந்த தையல்காரரின் காலடியைப் பார்த்தார். ஒரு துணிப்பை, அதற்குள் செருப்பு. அடுத்தவர் காலடியிலும் பை. ஒவ்வொருவர் காலடியிலும் பை. மனைவியின் செருப்புகூட அவள் மடியில், பிளாஸ்டிக் உறையில்.

புரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே செருப்புக் குவிந்தால் உள்ளே கூட்டம் என்று கட்டடத்துக்கே தெரியும். டிரைவர் வாசலில் வைத்துத்தான் அதைச் சொல்லியிருப்பார். இவர்தான் அப்போது லிஃப்டைக் கட்டிக்கொண்டு அழுதாரே.

எழுந்து போய் எடுத்துவிடலாமா? ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. கதவைத் திறந்தால் சத்தம் கேட்கும். உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே லிஃப்ட் கிளம்பியது. மோட்டார் முனகுவதை வைத்தே உள்ளே எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடுவார். மூன்று பேர். முதல் மாடி தாண்டியது. இரண்டு தாண்டியது. மேலே போய்விடு, மேலே போய்விடு என்று லிஃப்டிடம்தான் வேண்டினார், ஆண்டவரிடம் அல்ல. குலுங்கி நின்றது. காலடிகள் நெருங்கி வந்து வாசலில் நின்றன. மணி அடித்தது.

பாட்டுப் புத்தகங்கள் மெத்தைக்கு அடியில் போயின. நர்ஸ் கதவைத் திறந்தாள். கட்டட மேனேஜர், பின்னால் இரண்டு ஆட்கள். மேனேஜர் கையில் ஒரு ஷூ. அவர் அந்த ஊர் மொழியில் பேசப் பேச, நர்ஸ் தமிழில் சொன்னாள்.

"வழியில கிடக்குதே, யாரோடதுன்னு கேக்கறார். இங்க என்ன கூட்டம்னும் கேக்கறார்."

"எனக்குப் பிறந்தநாள்" என்றார் தையல்காரர்.

மேனேஜர் கேக்கைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "போன மாசமும் உனக்குத்தானே வந்துதுங்கறார்."

லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவருக்கே தெரியவில்லை.

"ஷூ என்னோடது. நான் லிஃப்ட் மெக்கானிக். உங்க லிஃப்ட் பிரேக் தேஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒரு விரற்கடை மேல நிக்குது, நாளைக்கு ஒரு முழம் மேல நிக்கும். யாராவது விழுந்தா உங்களத்தான் பிடிப்பாங்கன்னு சொல்லும்மா."

நர்ஸ் சொன்னாள். மேனேஜர் கண்ணை இடுக்கி அவரை அளந்தார். பிறகு விரலை ஆட்டி, வா என்றார்.

மொட்டைமாடியில் மோட்டார் அறை. மேனேஜரின் ஆள் ஒருவன் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தான். மேனேஜர் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியைத் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். லிஃப்ட்காரர் கையை நீட்டினார். மேனேஜர் முடியாது என்று தலையசைத்துவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நின்றார்.

அந்த மூன்று விரல் போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக, சாவி இன்னொருவன் பையில் இருக்க, அவர் இயந்திரத்துக்குள் கையை விட்டார். ஒரு ஜெப வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த விரல்கள்தான் கண்முன் நின்றன. ஸ்பேனர் நடுங்கி இரும்பில் டக் டக்கென்று தட்டியது. முக்கால் மணி நேரத்தில் சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது.

முடித்ததும் லிஃப்ட் தரைக்குச் சரியாக வந்து நின்றது. மேனேஜர் அவர் தோளைத் தட்டி, வீட்டு வாசலில் நின்ற நர்ஸிடம் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் எல்லோரும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போயிருந்தார்கள். மனைவி மட்டும் இருந்தாள். கேக் வெட்டாமலே கிடந்தது.

"என்ன சொன்னார்?" என்றார் லிஃப்ட்காரர்.

நர்ஸ் முதலில் அவருடைய ஷூவை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

"இந்தக் கட்டடத்துக்கு நீங்கதான் வேணுமாம். வேலை விசா அவரே எடுத்துத் தர்றாராம். வரலன்னா, வாரா வாரம் யாருக்குப் பிறந்தநாள்னு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாராம்." கேக்கை எடுத்து மூடி வைத்தாள். "அதுக்காக நீங்க வரணும்னு இல்லண்ணே. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

சமாளிக்க முடியாது என்பது மூவருக்கும் தெரியும். ஷூவை வெளியே விட்டது இவர். வேலையும் வீடும் போனால் போகப்போவது அவளுக்கு.

பத்தாம் நாள் ஊருக்குக் கிளம்பினார்கள். கமிட்டியிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று மனைவி விமானத்தில் கேட்டாள்.

"பயமா இருக்குன்னு சொல்வேன்."

"அப்புறம்?"

அவர் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

காலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மனைவி பூட்டைத் திறந்தாள். அவர் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். பிறகு அதை அங்கே விடாமல், இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கேலி செய்ய வாயெடுத்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தன் செருப்பையும் குனிந்து எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.